எதிர்ப்பு நெல் ஏன் தோற்கிறது? பயிர்ப் பங்கசுகளின் மரபணுப் பல்வகைமை: ஓர் எளிய விளக்கம்

மரக்கறி விலை ஏறும்போதெல்லாம் கொழும்பில் எல்லோரும் விவசாய நிபுணர்களாகிவிடுகிறோம். வெள்ளவத்தைச் சந்தையில் கோழிக்கூட்டு வாழைப்பழத்தின் விலையைக் கேட்டு ஒருவர் முகம் சுளித்தால், "வாழைக்குப் புதுசா ஏதோ வைரஸாம்" என்று பக்கத்தில் நிற்பவர் காரணம் சொல்லிவிடுவார். வன்னியில் வயல் வைத்திருக்கும் சொந்தக்காரர் தொலைபேசியில் வேறு கதை சொல்வார்: "எரிபந்தம் வராத நெல்லு எண்டுதான் தந்தவங்கள். மூண்டு போகம் நல்லா இருந்துது. இப்ப இதுக்கும் வந்திட்டுது. விதையிலதான் ஏதோ கள்ளம்."

விதையில் கள்ளம், மருந்து போலி, நோய் வீரியம் பெற்றுவிட்டது. இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்வதே வழக்கம். சில வேளை விதையோ மருந்தோ கெட்டதாக இருக்கலாம்தான். ஆனால் நல்ல விதையும் அசல் மருந்தும் தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் உண்டு. நோயைத் தரும் பங்கசு ஒரே ஆள் இல்லை. அது ஒரு பெருங்கூட்டம், அந்தக் கூட்டத்துக்குள் வேறுபாடுகள் உண்டு. அந்த வேறுபாடுகளின் மொத்தத்தைத்தான் மரபணுப் பல்வகைமை என்கிறோம்.

### முதலில், பங்கசு

ஈரப் பாணில் பூக்கும் பூஞ்சணமும், சமைத்துச் சாப்பிடும் காளானும் பங்கசுகள்தான். செடியைப் போலச் சூரிய ஒளியில் உணவு சமைக்க இவற்றுக்குத் தெரியாது. செத்ததையோ உயிரோடு இருப்பதையோ தின்றுதான் வாழ வேண்டும். உயிருள்ள பயிரைத் தின்னும் வகைகள்தான் நமக்கு நோயாகத் தெரிகின்றன.

பங்கசு பரவுவது வித்திகளால். வித்தி என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய, காற்றிலோ நீரிலோ மண்ணிலோ பயணம் செய்து இன்னோர் இடத்தில் முளைக்கக்கூடிய ஒரு துகள்.

நெல்லின் எரிபந்த நோயை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் இதைக் குலை நோய் என்பார்கள். இதைத் தரும் பங்கசின் வித்தி பேரிக்காய் வடிவில், மூன்று அறைகளோடு இருக்கும். ஈரமான நெல் இலையில் விழுந்தால் சில மணி நேரத்தில் முளைக்கும். முளையின் நுனி உருண்டு தடித்து இலையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த உருண்டைக்குள் அழுத்தம் ஏறும், அதுவும் கார் டயருக்குள் இருப்பதைப் போல ஏறக்குறைய 40 மடங்குக்கு. அந்த அழுத்தத்தோடு ஓர் ஊசிமுனை இலைத் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஒரு வாரம் போல் கழிந்தால் இலையில் கண் வடிவப் புள்ளி தெரியும்: நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் கபிலம். அப்படி ஒரு புள்ளி ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வித்திகளை உதிர்க்கும். கதிரின் கழுத்தில் பிடித்தாலோ கதிர் வெளுத்துச் சப்பட்டையாகத் தொங்கும்.

"ஒரே இரவில் ஆயிரக்கணக்கான" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாக் கணக்குகளுக்கும் அதுதான் அடிப்படை.

### காவலாளியும் நீலப் பையும்

செடிக்கும் பங்கசுக்கும் நடக்கும் சண்டையைப் புரிந்துகொள்ள, வெள்ளவத்தையில் கடலோரப் பக்கம் இருக்கும் ஏதாவது ஒரு ஃபிளாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு செக்யூரிட்டி. அவருக்குக் கொடுத்திருக்கும் உத்தரவு ஒன்றே ஒன்று: "இந்தப் பக்கத்துக் கள்ளன்கள் எல்லாரும் பூட்டுடைக்கும் சாமான்களை நீலப் பையில்தான் கொண்டு வருவார்கள். நீலப் பையைக் கண்டால் உடனே கேட்டைப் பூட்டு."

உத்தரவு நன்றாக வேலை செய்கிறது. மாதக்கணக்கில் ஒரு களவும் இல்லை. ஒருநாள் ஒரு கள்ளன் கறுப்புப் பையோடு வருகிறான். செக்யூரிட்டி வணக்கம் சொல்லி உள்ளே விடுகிறார். அவர் தூங்கவும் இல்லை, கைக்கூலி வாங்கவும் இல்லை. சொல்லிக் கொடுத்த அடையாளம் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி இதைச் செடிக்குப் பொருத்துவோம். பங்கசு இலைக்குள் நுழையும்போது சில புரதங்களைச் சுரக்கும். செடியின் தற்காப்பை மழுங்கடிப்பதற்கான கருவிகள் அவை. அவற்றில் ஏதாவது ஒன்றை அடையாளம் காணும் திறன் சில செடிகளுக்கு உண்டு. அடையாளம் கண்ட உடனே, பங்கசு தொட்ட இடத்தில் உள்ள தன் கலங்களைச் செடி தானே சாகடித்துவிடும். தின்ன உயிருள்ள கலம் இல்லாமல் பங்கசு அங்கேயே முடங்கிவிடும். இலையில் ஒரு சின்னக் கபிலப் பொட்டு மட்டும் மிஞ்சும்.

இந்த அடையாளம் காணும் திறனைத் தருவது செடியிலுள்ள ஒரு மரபணு. மரபணு என்பது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று உயிருக்குள் எழுதி வைத்திருக்கும் குறிப்பு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பரம்பரையலகு என்று படித்தோமே, அதுதான். பங்கசின் கருவியும் ஒரு மரபணுவிலிருந்தே வருகிறது. ஆக, செடியில் ஒரு காவல் மரபணு, பங்கசில் அதற்கு நேரான ஓர் அடையாள மரபணு. ஹரோல்ட் ஃபுளோர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆளிச் செடியையும் அதன் துரு நோயையும் வைத்து 1940களில் இதைக் கண்டறிந்தார். மரபணுக் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும் பொருளான டி.என்.ஏ.யின் வடிவம் தெரியவந்தது 1953இல்தான் என்பதை நினைத்தால், வெறும் கலப்புப் பரிசோதனைகளை வைத்து அவர் இதைப் பிடித்தது பெரிய விடயம்.

எந்தக் காவல் மரபணுவிடம் மாட்டும், எதனிடம் மாட்டாது என்பதை வைத்து ஒரே பங்கசைப் பல உள்வகைகளாகப் பிரிக்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வயலில் நடந்துகொள்ளும் விதம்தான் வேறு.

சுருக்கமாக: "எதிர்ப்பு நெல்" என்றால் எல்லா எரிபந்தத்தையும் தடுக்கும் நெல் என்று பொருள் இல்லை. பெரும்பாலும், சில உள்வகைகளை அடையாளம் காணத் தெரிந்த நெல் என்றுதான் பொருள்.

### வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

முதல் வழி விகாரம். ஒவ்வொரு வித்தி உருவாகும்போதும் மரபணுக் குறிப்புகள் முழுவதும் பிரதி எடுக்கப்படும். எரிபந்தப் பங்கசின் மொத்தக் குறிப்பு ஏறக்குறைய 4 கோடி எழுத்துகள். அவ்வளவையும் எழுதும்போது எங்கேயாவது ஓர் எழுத்து மாறுவது இயல்பு. அந்த மாற்றத்துக்குப் பெயர் விகாரம். பெரும்பாலான விகாரங்களால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். ஓர் அடையாள மரபணு கெட்டுப்போவதற்கான வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளி இரவுக்கு 2000 வித்தி, நோய் பிடித்த வயலில் 5 லட்சம் புள்ளி. பெருக்கினால் இரவுக்கு 100 கோடி வித்தி. அதில் 1000 வித்திகள் அந்த அடையாளத்தை இழந்தவை. கறுப்புப் பைக் கள்ளன்கள் ஒரே இரவில் ஆயிரம் பேர்! எதிர்ப்பு நெல் அந்தக் கள்ளன்களை உண்டாக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர்கள் முன்பே கூட்டத்துக்குள் இருந்தார்கள். மற்றவர்களை நெல் தடுத்துவிட்டதால் வயல் முழுவதும் இவர்களுக்கே கிடைத்துவிட்டது.

இதில் பங்கசுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பை-டா என்ற காவல் மரபணு நெல்லில் மிகவும் பேர் பெற்றது. அதற்கு நேரான அடையாள மரபணு, எரிபந்தப் பங்கசின் நிறமூர்த்தம் ஒன்றின் நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிறமூர்த்தம் என்பது மரபணுக்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட இழை. அதன் நுனிப் பகுதி அடிக்கடி அறுந்தும் மாறியும் போகும் இடம். போதாக்குறைக்கு, இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகளும் இந்தப் பங்கசில் ஏராளம். அப்படி ஒரு துண்டு தாவி வந்து மரபணுவின் நடுவில் உட்கார்ந்தால் கதை முடிந்தது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பை-டா இருப்பதாக நம்பப்பட்ட பாங்க்ஸ் என்ற நெல் வகையை 2004இல் எரிபந்தம் தாக்கியபோது, அந்த வயல்களில் இருந்து எடுத்த பங்கசில் இப்படித் தாவி வந்த துண்டைக் கண்டார்கள்.

இரண்டாவது வழி இலிங்கமுறை இனப்பெருக்கம். இரு வேறு பங்கசுகள் கூடி மரபணுக்களைக் கலந்துகொள்வது. விகாரம் ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மாற்றும். கலப்போ இரண்டு பெற்றோரின் குறிப்புகளையும் ஒரே தடவையில் புதிதாக அடுக்கித் தரும். எரிபந்தப் பங்கசில் இரண்டு சேர்க்கை வகைகள் உண்டு, இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்தான் கலப்பு நடக்கும். தென்கிழக்காசியாவை ஒட்டிய பகுதிகளில் அது நடப்பதற்கான தடயங்கள் உண்டு. உலகின் பெரும்பாலான இடங்களில் இந்தப் பங்கசு கலப்பே இல்லாமல், தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொண்டு வாழ்கிறது. அப்படிக் கலப்பில்லாமல் தொடரும் வரிசையைக் குளோன் வம்சம் என்பார்கள்.

மூன்றாவது வழி குடிபெயர்வு. வேறு ஊரில் உருவான உள்வகை விதையோடு, கன்றோடு, மண்ணோடு வந்து சேர்வது. இதைக் கடைசியில் பார்ப்போம்.

### தென் கொரியாவில் 1978

தோங்கில் என்ற நெல் வகையைத் தென் கொரியா 1970களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தியது. அதிக விளைச்சல், எரிபந்தத்துக்கு எதிர்ப்பு. அரசாங்கம் முழு மூச்சாக நின்று பரப்பியது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் நெல் வயல்களில் பாதிக்கு மேல் தோங்கில் வகைகள். 1977இல் அரிசியில் தன்னிறைவு. 1978இல் அதே தோங்கில் வகைகளில் எரிபந்தம் பெரும் நோயாக வெடித்தது.

விதை அதே விதைதான், உழவரும் அதே உழவர்தான். பங்கசுக் குடித்தொகை மட்டும் மாறியிருந்தது. குடித்தொகை என்றால் ஓரிடத்தில் வாழும் ஒரே இனத்தின் மொத்தக் கூட்டம். முன்பு அரிதாக இருந்த உள்வகை அதில் பெரும்பான்மையாகிவிட்டது.

வன்னிச் சொந்தக்காரரின் மூன்று போகக் கதையும் இதே வகைதான். ஒரு நெல் வகை வெற்றி பெறும்போது எல்லோரும் அதையே விதைக்கிறார்கள். எவ்வளவு பரப்பில் விதைக்கிறார்களோ, அந்த நெல்லை ஏமாற்றத் தெரிந்த பங்கசுக்கு அவ்வளவு பெரிய வீடு கிடைக்கிறது.

### பல்வகைமை குறைந்த பங்கசு பலவீனமானதா?

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். "உயிர்ப் பல்வகைமை நல்லது, அது குறைந்தால் இனம் அழியும்" என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பங்கசில் மரபணு வேறுபாடு குறைவு என்று கேட்டால், "அப்ப பயப்பட ஒன்றுமில்லை" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

வாழையைப் பாருங்கள். பனாமா நோய் என்ற வாடல் நோயைத் தருவது பியூசாரியம் என்ற மண் பங்கசு. வேர் வழியாக உள்ளே போய், நீர் ஏறும் குழாய்களை அடைத்து, வாழையை நின்ற நிலையிலேயே வாட வைக்கும். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு படுத்திருக்கும். 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் உலக ஏற்றுமதிச் சந்தையை ஆண்டது கிராஸ் மிஷேல் என்ற வாழை. நம்மூர்க் கடைகளில் ஆனமாலு என்று தொங்குவது அந்த வகைதான். பனாமா நோயின் 1ஆம் உள்வகை இலத்தீன் அமெரிக்காவின் கிராஸ் மிஷேல் தோட்டங்களை அழித்துத் தள்ளியது. 1960கள் அளவில் ஏற்றுமதி வாழை கவெண்டிஷ் வகைக்கு மாறிவிட்டது, ஏனென்றால் கவெண்டிஷ் 1ஆம் உள்வகையைத் தாங்கும். நம்முடைய கோழிக்கூடு தாங்காது. அதன் விலைக்கும் தட்டுப்பாட்டுக்கும் உள்ள காரணங்களில் அதுவும் ஒன்று. சந்தையில் சொல்லப்பட்ட வைரஸ் உண்மையில் ஒரு பங்கசு, அதுவும் புதுசு இல்லை.

பிறகு 1990களில் தென்கிழக்காசியாவில் கவெண்டிஷையும் சாய்க்கும் ஓர் உள்வகை பேரெடுத்தது. வெப்பமண்டல 4ஆம் உள்வகை என்று அதற்குப் பெயர். 2013இல் ஜோர்தானிலும் மொசாம்பிக்கிலும் அறியப்பட்டது, 2019இல் கொலம்பியாவில் உறுதியானது. நாடு நாடாக எடுத்த மாதிரிகளின் மரபணுக்களை ஒப்பிட்டால் அவற்றுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவு. ஏறக்குறைய ஒரே ஒரு குளோன் வம்சம் கண்டம் விட்டுக் கண்டம் போயிருக்கிறது.

பல்வகைமையே இல்லாத இந்த வம்சம் எப்படி இவ்வளவு அழிவு செய்கிறது? எதிரில் இருக்கும் பயிருக்கும் பல்வகைமை இல்லை என்பதால்தான். கவெண்டிஷ் விதையில் முளைப்பதில்லை. குட்டியிலிருந்து குட்டியாகவோ, ஆய்வுகூடத்தில் இழைய வளர்ப்பு மூலமோ பெருக்கப்படுவது. உலகத்தில் உள்ள கவெண்டிஷ் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே செடி. ஒரே உத்தரவு பெற்ற செக்யூரிட்டிமார் கோடிக்கணக்கில் நிற்கிறார்கள். ஒருவரை ஏமாற்றத் தெரிந்தால் எல்லோரையும் ஏமாற்றியாகிவிட்டது.

ஆகவே பங்கசின் பல்வகைமை இன்றைய அழிவின் அளவுகோல் இல்லை. நாளைக்கு நீங்கள் பயிர் வகையை மாற்றினால், அல்லது புது மருந்து அடித்தால், அதற்கு ஈடுகொடுக்கும் ஆள் அந்தக் கூட்டத்தில் இருப்பாரா என்பதைச் சொல்லும் அளவுகோல் அது. குளோன் வம்சம் இன்று நாசம் செய்யலாம், நாளை ஒரு புதிய காவல் மரபணுவின் முன் நெடுநாள் தடுமாறலாம். பல்வகைமை மிகுந்த கூட்டம் இன்று சும்மா இருக்கலாம், நீங்கள் நம்பி விதைத்த புது வகையை இரண்டே போகத்தில் கவிழ்க்கலாம்.

### கோப்பி, துரு, மலையகம்

இலங்கையில் இருந்துகொண்டு பயிர்ப் பங்கசைப் பற்றி எழுதிவிட்டுக் கோப்பியைச் சொல்லாமல் விட முடியாது. இலைக்கு அடியில் செம்மஞ்சள் மாவாகப் பூக்கும் கோப்பித் துரு நோயின் மாதிரிகளைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1869இல் அங்கே அதற்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். தோட்டத் துரைமார் அதை "நாசகார எமிலி" என்று கேலியாக அழைத்தார்கள். கேலி நெடுநாள் நீடிக்கவில்லை. 20 ஆண்டு போவதற்குள் உலகின் பெரிய கோப்பி ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக இருந்த இலங்கையில் கோப்பித் தொழில் சரிந்தது, மலைகளில் தேயிலை ஏறியது. கோப்பித் தோட்டத்துக்காகத் தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கப்பலிலும் வந்த தமிழ்த் தொழிலாளர்களின் கைகளுக்குத் தேயிலைக் கொழுந்து வந்து சேர்ந்ததும் இப்படித்தான். கொழும்பில் இன்று நாம் குடிக்கும் பிளேன்டீக்கு ஒரு பங்கசுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்பது கொஞ்சம் கசப்பான கணக்கு.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் இங்கே அனுப்பப்பட்டார். கிளிசரின் தடவிய கண்ணாடித் தட்டுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் நட்டதுதான் நோய்க்கு வழி விட்டது என்பது அவர் சொன்ன முக்கியமான விடயம். அன்று மரபணு என்ற சொல்லே கிடையாது. இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். நட்டது ஒரே பயிர் மட்டும் இல்லை, ஏறக்குறைய ஒரே மரபு. அரபிக்கா கோப்பி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. யேமன் வழியாக உலகுக்குப் பரவியதும் ஒரு சில செடிகளின் வாரிசுகள்தான்.

கோப்பித் துருவில் கலப்பு நடப்பதற்குத் தெளிவான சான்று கிடையாது. ஆனாலும் இன்று அதில் 50க்கு மேற்பட்ட உள்வகைகள் அறியப்பட்டுள்ளன. வித்திகளின் எண்ணிக்கையும் விகாரமும் மட்டுமே எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. திமோர் தீவில் 1920களில் கிடைத்த ஓர் இயற்கைக் கலப்புக் கோப்பியிலிருந்து எதிர்ப்பு மரபணுக்களை எடுத்துப் பல புதிய வகைகளை உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்றான லெம்பிரா, ஹொண்டுராஸில் 2017 அளவில் துருவுக்கு மீண்டும் பணிந்துவிட்டது.

இறப்பரிலும் இதே கதையின் சிறு பதிப்பு நம் நாட்டிலேயே நடந்தது. ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்று நம்பி நட்ட குளோன் மரங்களை 1980களின் நடுப்பகுதியில் கொரினெஸ்போரா என்ற பங்கசு இலையுதிர்த்து மொட்டையாக்கியது. ஆயிரக்கணக்கான ஹெக்டேயர் மரங்கள் பிடுங்கப்பட்டன.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால்: அழிவு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் பயிரின் ஒருமை தீர்மானிக்கிறது. அடுத்த அழிவு எவ்வளவு விரைவில் வரும் என்பதைப் பங்கசின் பல்வகைமை தீர்மானிக்கிறது.

### இதை எப்படி அளக்கிறார்கள்?

நோய் பிடித்த இலைகளைப் பல வயல்களில், பல மாவட்டங்களில் சேகரிப்பார்கள். ஒரே வயலில் நூறு இலை பறிப்பதைவிட நூறு வயலில் ஒவ்வோர் இலை பறிப்பதில் பயன் அதிகம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரே ஒரு வித்தியைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்ப்பார்கள்.

அப்புறம் இரண்டு சோதனைகள். முதலாவது, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு காவல் மரபணு மட்டும் உள்ள நெல் வரிசைகளைச் சாடிகளில் வளர்த்து, அந்தப் பங்கசைத் தெளித்துப் பார்ப்பது. எந்தச் சாடியில் நோய் வருகிறது, எதில் வரவில்லை என்ற பட்டியல்தான் அதன் உள்வகை. இரண்டாவது, டி.என்.ஏ.யை நேரடியாகப் படித்து, யார் யாருக்குச் சொந்தம் என்று வம்சவரிசை போடுவது.

இரண்டும் ஒரே பதிலைத் தர வேண்டும் என்று இல்லை. நெருங்கிய சொந்தங்கள் வேறு வேறு உள்வகையாக இருக்கலாம், தூரத்து வம்சங்கள் ஒரே உள்வகையாக இருக்கலாம். "புது ரகப் பங்கசு" என்று செய்தியில் வந்தால், எந்தச் சோதனையை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

வம்சவரிசையின் பயனை உலகம் 2016இல் பார்த்தது. அந்த ஆண்டு பெப்ரவரியில் பங்களாதேஷில் ஏறக்குறைய 15,000 ஹெக்டேயர் கோதுமை வயல்களில் கதிர்கள் திடீரென வெளுத்தன. நெல் எரிபந்தத்தின் உறவான கோதுமை எரிபந்தம் ஆசியாவில் காணப்பட்டது அதுவே முதல் தடவை. உள்ளூர் நெல் பங்கசுதான் கோதுமைக்குத் தாவிவிட்டதோ என்ற கேள்வி எழுந்தது. டி.என்.ஏ. வேறு பதில் சொன்னது: 1985இல் பிரேசிலில் முதலில் அறியப்பட்ட தென்னமெரிக்கக் கோதுமைப் பங்கசின் ஒரே ஒரு வம்சம் அது. மாதிரிகளுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவாக இருந்ததே அது புதிதாக வந்து இறங்கியது என்பதற்குச் சாட்சி. நெடுநாள் குடியிருக்கும் கூட்டத்தில் விகாரங்கள் சேர்ந்து வேறுபாடு பெருகியிருக்கும்.

### மருந்துக்கும் அதே கணக்குத்தான்

"மருந்து அடிச்சாலும் கேட்குதில்ல" என்பதற்கும் இதே விளக்கம் பொருந்தும். ஸ்ட்ரோபிலூரின் வகைப் பங்கசு நாசினிகள் 1996இல் சந்தைக்கு வந்தன. அவற்றின் மூலப்பொருள் பைன் காய்களில் முளைக்கும் ஒரு சிறு காளானிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. பங்கசைக் கொல்லப் பங்கசிடமே மருந்து! இரண்டே ஆண்டில், 1998இல், ஜெர்மனியின் கோதுமைச் சாம்பல் நோய்ப் பங்கசு அதற்கு மசிய மறுத்தது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம் போதுமாக இருந்தது. அளவைக் கூட்டி அடித்தாலும் இப்படிப்பட்ட பங்கசுக்கு உறைப்பதில்லை. மருந்துக்குப் பணியும் கூட்டாளிகள் செத்து, பணியாதவனுக்கு இடம் விடுவதுதான் மிச்சம். வேறு வேறு முறையில் கொல்லும் மருந்துகளை மாற்றி மாற்றி அடிக்கச் சொல்வது இதனால்தான்.

### அப்படியானால் வழி?

ஒரு வழி, ஒரே நெல்லில் பல காவல் மரபணுக்களை அடுக்குவது. நீலப் பையை மட்டும் தெரிந்தவரோடு, செருப்பைத் தெரிந்த ஒருவரையும் நடையைத் தெரிந்த ஒருவரையும் வாசலில் நிறுத்துவது போல. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டு வரும் கள்ளன் அரிதிலும் அரிது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் உழவர்கள், எரிபந்தத்துக்கு எளிதில் பலியாகும் ஒட்டரிசி நெல்லை எதிர்ப்பு நெல்லின் வரிசைகளுக்கு இடையில் கலந்து நட்டார்கள். ஆயிரக்கணக்கான ஹெக்டேயரில் நடந்த இந்தச் சோதனையின் முடிவு 2000இல் வெளியானது. கலந்து நட்ட இடத்தில் ஒட்டரிசி நெல்லின் எரிபந்தம், தனியாக நட்ட இடத்தைவிட 94 சதவீதம் குறைவு, விளைச்சல் 89 சதவீதம் அதிகம். மருந்தும் இல்லை, புது மரபணுவும் இல்லை. ஒரு செடியிலிருந்து கிளம்பிய வித்தி பக்கத்துச் செடியில் விழும்போது அங்கே வேறு காவலாளி நிற்கிறார், அவ்வளவுதான். ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் கொஷிஹிகாரி நெல்லுக்கும் இதே தத்துவத்தைப் பயன்படுத்தினார்கள். சுவையில் ஒன்றாகவும் காவல் மரபணுவில் வேறாகவும் உள்ள பல வரிசைகளைக் கலந்து 2005 முதல் விதைத்தார்கள்.

### "அந்த நோய் ஏற்கெனவே இங்கே இருக்குதே"

வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டிக்குள் ஒரு வாழைக்குட்டியையோ உருளைக்கிழங்கு விதையையோ வைத்துக்கொண்டு வருபவர்கள் நம்மில் உண்டு. தடுத்தால் சொல்லும் நியாயம் ஒன்று இருக்கிறது: "அந்த நோய்தான் ஏற்கெனவே இலங்கையில இருக்குதே. இன்னும் கொஞ்சம் வந்தா என்ன?"

உருளைக்கிழங்கின் கருகல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தரும் உயிர் வகைப்பாட்டின்படி பங்கசு இல்லை, நீர்ப்பாசிகளுக்குக் கிட்டிய உறவு. ஆனாலும் பங்கசைப் போலவே வாழ்வது. 1845இல் அயர்லாந்தில் தொடங்கி, சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேரளவில் பலிகொண்ட பஞ்சத்துக்குக் காரணம் இது. இதற்கும் இரண்டு சேர்க்கை வகைகள் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பாவில் இருந்தது அவற்றில் ஒன்று மட்டும். கலப்பில்லாமல், உயிருள்ள கிழங்கை நம்பி, குளிர்காலத்தைக் கடத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது சேர்க்கை வகை அங்கே கண்டறியப்பட்டது 1980களில். ஏற்கெனவே இருந்த நோய்தான், புதிதாக வந்தது அதன் இன்னொரு பாதி. இரண்டும் கூடியதும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கக்கூடிய தடித்த வித்திகள் உருவாகத் தொடங்கின, ஒவ்வொரு வித்தியும் ஒரு புதிய மரபணுக் கலவையோடு.

கட்டுநாயக்காவில் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரி ஒரு வாழைக்குட்டியைப் பறித்து வைக்கும்போது அவர் தடுப்பது பெரும்பாலும் நோயின் பெயரை இல்லை. அதே பெயரில் வரும் இன்னோர் உள்வகையை, இன்னொரு சேர்க்கை வகையை. அந்தக் குட்டியின் வேரில் ஒட்டியிருக்கும் மண் கழுவினாலும் முழுதாகப் போகாது. நோய் உள்ளே இருந்தாலும் குட்டி பல மாதம் பச்சைப்பசேலென்றுதான் நிற்கும்.